உச்சி மட்டம்

மத்திகிரிக்கு அப்பால் ஒரு தெருவில் நின்று
கடலிலிருந்து அளக்கிறேன்.

கண்ணுக்கு எட்டாத கடல்.
இந்தத் தெருவில் பாதிப் பேர் பார்த்தேயிராத கடல்.
என்றாலும் விமானத்துக்கு வேண்டிய உயரமெல்லாம்
அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது.
சாக்கப்பா வீட்டு வாசற்படி
எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு மீட்டர்.
படியில் ஒரு கோழி.

முக்காலியை மண்ணில் ஊன்றி
குமிழி நடுவுக்கு வரும்வரை திருகுகிறேன்.
கோப்பைத் திறந்து காட்டுகிறார் சாக்கப்பா:
பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று,
பேங்க் லோன் கடிதம்கூட
லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்.
"எல்லாம் கிளியரா இருக்கும்மா.
இன்னும் என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

வானம் என்று எப்படிச் சொல்ல.

ஓடுதளத்தின் முனை இங்கிருந்து அறுநூறு மீட்டர்.
அங்கே தரையோடு தொடங்கும் ஒரு சரிவு,
ஐம்பது அடி நகர்ந்தால் ஓர் அடி ஏறும்.
ரோஜாக் கூடாரங்களின் பாலித்தீன் முதுகுக்கு மேல்
வெட்டச் சொல்லிச் சிவப்புக் குறியிட்ட
தைல மரங்களுக்கு ஊடாக
மாதா கோயில் சிலுவைக்கு ஒரு முழம் மேலே
வந்துகொண்டே இருக்கிறது.
மழை அதை நனைப்பதில்லை.
காகம் குறுக்கே போகிறது, யாரையும் கேட்காமல்.

சாக்கப்பா வீட்டுக்கு வரும்போது அதன் உயரம்
தொள்ளாயிரத்து எட்டு.
அவர் வைக்க நினைக்கும் தண்ணீர்த் தொட்டியின் தலை
தொள்ளாயிரத்து ஒன்பது புள்ளி ஏழு.

"ஒண்ணே முக்கால் மீட்டர் கூட இல்ல,
என் உசரம்தான் அது!
மேல் மாடியில சிப்காட் பசங்க வாடகைக்கு வர்றாங்க.
தொட்டி உசரத்துல இருந்தாத்தானே ஷவர்ல தண்ணி விழும்?
வாரத்துக்கு ரெண்டு பிளேன் வருது.
என் தொட்டி மேலயா உக்காரப் போகுது?
பட்டா வச்சிருக்கிறவன்
பட்டம் விடவும் கேக்கணுமா?"

ஒழுங்காக வரும் விமானம்
இவர் தொட்டியைப் பார்க்கக்கூடப் போவதில்லை.
மார்கழிப் பனியில் விளக்கு தெரியாமல்
ஒரு இயந்திரம் நின்றுபோய்
மறு இயந்திரத்தின் பலத்தில்
இறங்கவா மீண்டும் ஏறவா என்று
ஒருத்தியோ ஒருவனோ பல்லைக் கடிக்கும் நாள்
இதுவரை வரவில்லை.
அந்த நாளுக்கு எடுத்து வைத்த இடம் இது,
விருந்தாளி வரும் என்று மூடி வைத்த தட்டு மாதிரி.

இதை நான் சொல்லும்போது
குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது.
வேறோர் ஊரில், வேறோர் ஓடுதளத்துக்குப் பக்கத்தில்,
ஒரு கல்யாண மண்டபத்துக்கு
அரை மீட்டரை விழுங்கி எழுதச் சொன்னார்கள்.
எழுதினாயா என்று கேட்காதீர்கள்.
அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது
நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

ஒன்பது புள்ளி ஏழு என்றே எழுதினேன்.
கையெழுத்துப் போடும்போது
சாக்கப்பா டீ வாங்கி வரச் சொன்னார்.
வந்தது, சர்க்கரை இல்லாமல்.

நான்கு மாதம் கழித்துச் சரிபார்க்கப் போனேன்.
தொட்டி பின்புறத் தரையில் உட்கார்ந்திருந்தது.
அழுத்த மோட்டார் ஒன்று
யாரோ குழாயைத் திறக்கும்போதெல்லாம் உறுமியது.
"கரண்ட் பில்லை ஏர்போர்ட்டுக்கு அனுப்பட்டுமா?"
என்றபடியே மாடிக்குக் கூட்டிப்போனார்.

மொட்டை மாடித் தளம்
தொள்ளாயிரத்து ஏழரை.
கணக்குப்படி முழங்காலுக்கு மேலே
சாக்கப்பா தடைப்பட்ட வானத்தில் நிற்கிறார்.
கொடியில் காயும் லுங்கிகளும் அப்படியே.
அதற்கெல்லாம் விண்ணப்பப் படிவம் கிடையாது.
நான் நோட்டைத் திறக்கவில்லை.

சிலுவைப் பக்கமிருந்து சத்தம்.
சின்ன விமானம், சக்கரம் இறக்கி,
காற்றில் ஒரு தோள் சாய்ந்து, நிமிர்ந்து,
எங்களுக்கு மேலே நிறையவே தள்ளி.

சாக்கப்பா
தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார்.